கினோவாவில் காரமான காலை உணவு: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் வாயில் வைக்க முடியாத கசப்பு. வாங்கிய சரக்கு பழையதா?

பதில்: சரக்கின் மேல் பழி போடாதீர்கள். கினோவா என்பது தானியம்போலச் சமைக்கும் பொடி விதை. அந்த மணியின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பறவைகள் கொத்தாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. தண்ணீரில் சோப்பைப் போல நுரைக்கும். நுரை அடங்கும் வரை தேய்த்துக் கழுவுங்கள். மணி பொடி என்பதால் கண் நெருக்கமான வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் பாதி தண்ணீரோடு போய்விடும். பொட்டலத்தில் ‘கழுவியது’ என்று போட்டிருந்தாலும் நான் ஒருமுறை அலசாமல் விடுவதில்லை.

கேள்வி: எனக்குக் கசப்பு இல்லை. ஆனால் குழைந்து கூழாகிவிடுகிறது.

பதில்: கழுவும்போது தாராளமாக இருங்கள், வேகவைக்கும்போது கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் என்று எல்லாரும் சொல்வார்கள். கழுவிய மணியில் ஒட்டியிருக்கும் ஈரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை! ஒன்றே முக்கால் கப் போதும். அதற்கு முன், ஈரம் போகும் வரை வெறும் சட்டியில் வறுத்துக்கொண்டால் மணமும் கூடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி, 15 நிமிடம். முளைக்கரு வெள்ளை வால் போலப் பிரிந்து நின்றால் வெந்துவிட்டது. அடுப்பை அணைத்து இன்னும் 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: காலையில் அரை மணி நேரம் இதற்கே போய்விடுகிறதே?

பதில்: காலையில் வேகவைக்கச் சொன்னது யார்? முந்தைய இரவே வேகவைத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். இரவு முழுக்க வெளியே வைப்பது மட்டும் கூடாது. சோற்றைக் கெடுக்கும் பாக்டீரியா இதையும் விடாது. குளிர்ந்த மணி உதிரியாக நிற்பதால் வாணலியில் குழையவும் குழையாது. காலையில் வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி, பொடியாக நறுக்கிய கேரட்டும் பீன்ஸும் சேருங்கள். அவை முக்கால் வேக்காடு ஆனதும் கினோவாவைக் கொட்டி, உப்பும் மிளகுத்தூளும் போட்டு, சூடேறும் வரை புரட்டுங்கள். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். மேலே ஒரு முட்டை வைத்தால் மதியம் வரை பசி எடுக்காது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். கினோவா என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம்தானே?

பதில்: கூடாது. வெந்த கினோவா ஒரு கப்பில் சுமார் 8 கிராம் புரதமும் 5 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. கூடவே 39 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. அரைக் கப் கினோவாவோடு ஒரு கப் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த இந்தச் செடி கோதுமைக்கு உறவே இல்லை. கீரைக்கும் பீட்ரூட்டுக்கும்தான் சொந்தம். ஆனால் கோதுமை ஓடும் இயந்திரத்தில் இதையும் சுத்தம் செய்திருக்கலாம். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பொட்டலத்தையே வாங்க வேண்டும்.

கேள்வி: வெள்ளையா, கறுப்பா?

பதில்: முதல்முறை என்றால் வெள்ளை. கறுப்பு வேக ஐந்து நிமிடம் கூடுதலாகும், வெந்த பிறகும் நறுக்கென்றிருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.