போஸ்டரில் இல்லாத பெயர்கள்

கேள்வி: ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ நாடகம் மும்பைக்கு வந்தபோது பார்த்தேன். ஒரே நாடகத்தில் நடித்தே வாழ்க்கையை ஓட்டியவர்கள் அதில் உண்டா? — மதுரை வாசகி

பதில்: உண்டு. பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓபரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் இசைநாடகம். பாரிஸ் ஓபரா அரங்கின் நிலவறையில் முகம் சிதைந்த ஓர் இசை மேதை ஒளிந்து வாழ்கிறான், அவன்தான் ஃபேன்டம். கிறிஸ்டீன் என்ற இளம் பாடகிக்கு மறைந்திருந்தே பாட்டு சொல்லிக் கொடுத்து, அவளைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளத் துடிக்கிறான். ஜார்ஜ் லீ ஆண்ட்ரூஸ் என்ற நடிகர் அந்த மேதையாக நடித்தவரில்லை, கிறிஸ்டீனின் காதலனாகவும் நடித்தவரில்லை. 1988 ஜனவரியில் நியூயார்க் மெஜஸ்டிக் தியேட்டரில் நாடகம் தொடங்கியதிலிருந்து 2011 செப்டம்பர் வரை, ஓபரா அரங்கின் மேனேஜர் போன்ற துணை வேடங்களிலேயே 9,382 தடவை மேடையேறினார். ஒரே பிராட்வே நாடகத்தில் (பிராட்வே என்பது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வட்டாரம்) அதிகத் தடவை நடித்தவர் என்று கின்னஸில் பெயரும் வந்தது. மேடை நடிகருக்கு 23 வருஷம் தொடர்ந்து சம்பளம் வருவது எந்த ஊரிலும் லேசில் நடக்கிற காரியமில்லை. நாயகனாக நடித்துப் பேர் வாங்கியவர்களைவிட எனக்கு இவர்மேல்தான் மரியாதை அதிகம்.

கேள்வி: முதன்முதலில் ஃபேன்டமாக நடித்தவர் டிவி காமெடியனாமே? — சேலம் வாசகர்

பதில்: ஆமாம், மைக்கேல் கிராஃபோர்ட். எழுபதுகளில் பிரிட்டிஷ் டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றில், தொட்டதையெல்லாம் சொதப்பும் அப்பாவியாக வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர். 1986 அக்டோபரில் லண்டனில் நாடகம் அரங்கேறியபோது அந்த முகத்தில் பாதி முகமூடிக்குள் போய்விட்டது, குரலும் கையசைவும்தான் மிச்சம். அதை வைத்தே நாடகத்துக்கான பெரிய விருதுகளான லண்டனின் ஒலிவியர், நியூயார்க்கின் டோனி இரண்டும் வாங்கினார். சிதைந்த முகத்துக்கான மேக்கப்பை உருவாக்கியவர் கிறிஸ்டோபர் டக்கர். 1980இல் வந்த ‘தி எலிஃபன்ட் மேன்’ படத்தின் மேக்கப்பும் இவர் கைவண்ணம்தான்.

கேள்வி: கிறிஸ்டீன் வேடத்தில் இருப்பவர் வாரம் எட்டுக் காட்சியும் பாடுவாரா? தொண்டை என்னாகும்? — இசை படிக்கும் மாணவி, திருச்சி

பதில்: பாட மாட்டார், பாடவும் விட மாட்டார்கள். எட்டில் ஆறு காட்சி அவருக்கு, மீதி இரண்டும் ‘ஆல்டர்நேட்’ என்று தனியாக ஒப்பந்தமான இன்னொரு பாடகிக்கு. இது போக, யாருக்காவது காய்ச்சல் வந்தால் இறங்க அண்டர்ஸ்டடி இருப்பார். ‘ஸ்விங்’ என்பவர்கள் கோரஸில், அதாவது கூட்டமாகப் பாடி ஆடும் குழுவில், பல பேருடைய பாட்டு, நடனம், நிற்கும் இடம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, யார் வரவில்லையோ அவர் இடத்தில் போய் நிற்பார்கள். மூன்றிலும் கஷ்டமான வேலை ஸ்விங்தான் என்பது என் அபிப்ராயம், ஏனென்றால் இன்றைக்கு யாருடைய இடம் என்பது சில நாள் சாயங்காலம்தான் தெரியவரும்.

ஆல்டர்நேட் என்றால் இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். எமிலி குவாச்சு 2021இல் நியூயார்க்கில் ஆல்டர்நேட்டாகச் சேர்ந்தவர். அடுத்த ஜனவரியிலேயே முழுநேரக் கிறிஸ்டீன் ஆனார், பிராட்வேயில் அந்த வேடமேற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான். இதற்கு நேர்மாறாக, முதல் கிறிஸ்டீனான சாரா பிரைட்மேன் லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கே பெரிய சண்டை. அப்போது அவர் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் மனைவி. ஆனாலும் அமெரிக்க நடிகர் சங்கம் வெளிநாட்டுக்காரருக்கு அனுமதியில்லை என்றது, அவர் இல்லாவிட்டால் நாடகமே வராது என்றார் வெப்பர். கடைசியில் தன்னுடைய அடுத்த லண்டன் நாடகத்தில் ஓர் அமெரிக்கருக்கு முக்கிய வேடம் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே வழி பிறந்தது. உள்ளூர் நடிகர்களின் பிழைப்பை விட்டுக்கொடுக்காத அந்தச் சங்கம் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? அந்த வேலைக்கு எப்படிப் போவது? — கோவை கல்லூரி மாணவர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அரங்கையும் உடைகளையும் வடிவமைத்தவர் மரியா பியோர்ன்சன். அதற்கு முன் பல வருஷம் நிஜமான ஓபராக்களுக்கு வடிவமைத்தவர், அதனால் ஓபரா அரங்கின் உள்ளும் புறமும் அவருக்கு அத்துப்படி. முகமூடி நடனக் காட்சியில் படிக்கட்டு முழுக்க ஜனக்கூட்டம் தெரியுமே, அதில் பாதி உடை மாட்டிய பொம்மைகள்! நிஜ ஆட்கள் ஆடிக்கொண்டே இருப்பதால் பார்க்கிறவர் கண்ணுக்குப் பொம்மையும் ஆடுவதுபோலத் தோன்றும். இந்த வேலைக்காக அவருக்கு அரங்கம், உடை என்று இரண்டு டோனி விருதுகள் கிடைத்தன. 2002இல், 53 வயதிலேயே போய்விட்டார் என்பதை இன்றும் மனசு ஏற்க மறுக்கிறது.

இந்த நாடகத்தில் சுமார் 230 உடைகள். ஒரு நடிகை மேடையை விட்டு வந்து அடுத்த உடையில் திரும்பிப் போக அரை நிமிஷம்தான் இருக்கும் என்றால், இருட்டில் ஒருவர் முதுகுக் கொக்கியைக் கழற்ற, இன்னொருவர் செருப்பை மாற்ற, மூன்றாமவர் விக்கைச் சரிசெய்வார். டிரஸ்ஸர் என்பார்கள் இவர்களை. இன்னொரு பக்கம் ஸ்டேஜ் மேனேஜர், இசைக்குறிப்பைப் பார்த்தபடியே ஹெட்செட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு டன் எடையுள்ள சரவிளக்கு ஜனங்கள் தலைக்கு மேலிருந்து மேடைக்குப் பாய்ந்து வருவதும் அவருடைய ஒரு சொல்லில்தான்.

சரி, எப்படிப் போவது? தையல், மின்வேலை, தச்சு, ஒலி என்று ஏதாவது ஒரு கைத்தொழிலை உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் உங்கள் ஊரில் நாடகம் போடும் குழு எதுவானாலும் போய் நில்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு ஓடிய நாடகத்தை நியூயார்க்கில் ஏன் நிறுத்தினார்கள்? — சென்னை வாசகர்

பதில்: கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் பழையபடி திரும்பவில்லை, வாரச் செலவோ பத்து லட்சம் டாலரை நெருங்கிவிட்டது. நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்ததும் டிக்கெட் பறந்ததால் இரண்டு மாசம் நீட்டிப்பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று 13,981ஆவது காட்சியோடு திரை விழுந்தது. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், தொழிலாளர்கள் என்று ஏறக்குறைய 125 பேருக்கு ஒரே ராத்திரியில் வேலை போனது. 27 பேர் ஆர்கெஸ்ட்ராவில் முதல் நாளிலிருந்தே வாசித்தவர்களும் இருந்தார்கள்.

லண்டனில் நாடகம் இன்னும் ஓடுகிறது, ஆனால் 2021இல் மறுபடி தொடங்கும்போது அங்கே 27 பேர் ஆர்கெஸ்ட்ராவை 14 ஆக்கிவிட்டார்கள். செலவுக் கணக்கு புரிகிறது. இருந்தாலும் ஓபராவைப் பற்றிய நாடகத்திலேயே வாத்தியக்காரர்களைக் குறைத்தது தப்பு என்பதுதான் என் கட்சி.