எல்லாவற்றையும் போட்டு மூடினால் கஞ்சிதான் வரும்

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், சொந்த ஊர் ஈரோடு பக்கம். செப்டம்பரிலிருந்து மனைவிக்கு மாலை ஷிப்ட். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் வீடு சேர ஆறு மணி ஆகிவிடுகிறது. இந்தக் குளிருக்குச் சூடாக ஒரே பாத்திரத்தில் ஏதாவது செய்து கொடுத்தால் போதும் என்று அரிசி, பருப்பு, காய், மசாலா எல்லாவற்றையும் இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சாரப் பிரஷர் குக்கரில் போட்டு மூடுகிறேன். தினமும் கஞ்சிதான் வருகிறது. "இன்னைக்கும் மஞ்சச் சோறா?" என்கிறாள் பெரியவள். கடையில் குவிந்துகிடக்கும் பூசணிகளில் எதை வாங்கலாம்? ராஜ்மாவைக் காலையிலேயே, மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கொடுத்த கூழை நானே செய்ய முடியுமா?
- பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்: ஈரோட்டுக்காரருக்கே அரிசிம்பருப்புச் சோறு சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. சாப்பிட்டு வளர்ந்திருப்பீர்கள், அடுப்படியில் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளை அப்படித்தானே வளர்த்தோம். இப்போதாவது கரண்டி பிடித்தீர்களே, சந்தோஷம்.

உங்கள் கஞ்சிக்குக் காரணம், "எல்லாவற்றையும் போட்டு மூடுகிறேன்" என்று நீங்களே எழுதியிருக்கும் அந்த வரிதான். பாத்திரம் ஒன்றாக இருக்கலாம், போடுகிற நேரம் ஒன்றாக இருக்கக்கூடாது. துவரம்பருப்பு வேகிற நேரத்தில் பீன்ஸும் பட்டாணியும் குழைந்தே போய்விடும். எண்ணெய் படாமல் தண்ணீரில் மிதந்து வெந்த மசாலாப்பொடியில் பச்சை வாடை போகாது. புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும், புளிப்பு பட்டால் பருப்பின் தோலும் சதையும் இளகத் தாமதமாகும். பருப்பு வேகவில்லையே என்று இன்னும் பத்து நிமிடம் வைப்பீர்கள், அதற்குள் அரிசி கரைந்திருக்கும்.

அதனால் அரிசிம்பருப்பிலிருந்தே தொடங்குவோம். இது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் தம்பி தங்கைகள்தான்.

நான்கு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. பொன்னியோ சோனா மசூரியோ இருக்கட்டும். பாஸ்மதியை இதற்குத் தொடாதீர்கள், அது உதிரியாக நிற்கப் பிறந்தது, பருப்போடு சேராது. வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் பருப்பைக் கழுவி வெந்நீரில் ஊறப்போடுங்கள். பிள்ளைகள் கை கால் கழுவி, நீங்கள் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் அரைமணி ஆகிவிடும். அரிசிக்குக் கடைசிப் பத்து நிமிடம் ஊறினால் போதும்.

பாத்திரத்தை 'சோட்டே'யில், அதாவது திறந்தபடி வதக்கும் முறையில் வைத்து இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் என்றால் ஊர் மணம் வரும், கடலெண்ணெயும் சரிதான். கடுகு வெடித்ததும் சீரகம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு பதினைந்து சின்ன வெங்காயமும் ஏழெட்டுப் பல் பூண்டும். பூண்டை நறுக்காதீர்கள், லேசாகத் தட்டி முழுசாகவே போடுங்கள். அது பருப்போடு வெந்து வெண்ணெயாகி, எந்த வாயில் அகப்படுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. வெங்காயம் கண்ணாடியாகி, ஓரம் பொன்னிறமாகி, பூண்டின் தட்டிய பக்கம் சிவக்கும்வரை நிற்க வேண்டும். ஏழு நிமிடம் ஆகும். ஆறரை மணிக்குப் பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏழு நிமிடம் நீளம்தான், ஆனாலும் உங்கள் மஞ்சள் சோற்றில் இல்லாத ருசி முழுக்க இந்த ஏழு நிமிடத்தில்தான் இருக்கிறது. ஒரு தக்காளி, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி சாம்பார்பொடி போட்டு, எண்ணெய் கக்கும்வரை வதக்குங்கள். ஒரு தக்காளியால் பருப்புக்கு ஒன்றும் ஆகாது, நான்கு போட்டால்தான் வம்பு.

அடுத்ததை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அரை டம்ளர் வெந்நீரை ஊற்றி, மரக்கரண்டியால் அடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது என்று பாதியில் 'பர்ன்' காட்டி நின்றுவிடும். அதன்பின் பருப்பு, அரிசி, உப்பு, மீதித் தண்ணீர். பருப்பும் அரிசியும் உப்பை நன்றாக இழுக்கும், தண்ணீரை ருசி பார்க்கும்போது ஒரு கல் தூக்கலாகவே தெரிய வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு: அடுப்பில் வைக்கும் விசில் குக்கருக்கு இரண்டு டம்ளர் அரிசி பருப்புக்கு ஆறு டம்ளர், இன்ஸ்டன்ட் பாட்டுக்கு ஐந்தே போதும். அதில் ஆவி வெளியே போவதில்லை, ஊற்றிய தண்ணீர் உள்ளேயே நிற்கும். அம்மா போனில் சொல்லும் விசில் கணக்கையும் அப்படியே இதற்கு மாற்ற முடியாது. விசில் குக்கர் ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வேலை செய்யும். இதுவோ 'ஹை'யில் வைத்தாலும் 10-லிருந்து 12-க்குள்தான் நிற்கும். ஆகவே மூன்று விசில் என்றால் இங்கே பத்து நிமிடம், பிறகு தானாக அழுத்தம் இறங்க இன்னொரு பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்தப் பாத்திரம் உங்கள் ஒட்டாவாவில் பிறந்து 2010-ல் கடைக்கு வந்தது. அதற்கு ஈரோட்டு விசில் எப்படிப் புரியும்?)

மூடியைத் திறந்தால் தளதளவென்று தண்ணீராகத் தெரியும். அங்கேதான் நீங்கள் பயந்து மறுபடி கொதிக்கவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடவேண்டாம், கிளறவும் வேண்டாம். ஐந்து நிமிடம் அப்படியே வைத்தால் அரிசி மிச்சத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தானாக இறுகும். சூட்டோடு கரண்டியால் கிண்டினால் மணியெல்லாம் உடைந்து மாவாகிவிடும். கடைசியில் ஒரு கரண்டி நெய்யில் நுணுக்கிய மிளகும் சீரகமும் பொரித்து மேலே ஊற்றி, இரண்டே இரண்டு முறை அடியிலிருந்து புரட்டுங்கள். அப்பளம், தயிர், எலுமிச்சை ஊறுகாய். முடிந்தது.

பெரியவளின் புகாருக்கும் வருவோம். அரிசியும் பருப்பும் அதே அளவில் இருக்க, தாளிப்பை மட்டும் மாற்றினால் நாளுக்கு ஒரு சோறு. துவரைக்குப் பதில் வறுத்த பாசிப்பருப்பு, முந்திரி, மிளகு, இஞ்சி என்றால் பொங்கல். வெங்காயத்தோடு கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் சேர்த்தால் சாம்பார் சாதம். அதற்குப் புளித்தண்ணீரில் காயையும் பொடியையும் முதலில் கொதிக்கவைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதே பாத்திரத்தில் அரிசி பருப்பை வேகவைத்துப் பிறகு கலக்க வேண்டும். கழுவ ஒரு கிண்ணம் கூடுதல். அதற்காக ஒரே பாத்திரம் என்ற விரதம் கெட்டுவிடாது. கோழி வேண்டுமென்றால் எலும்போடு கூடிய தொடைக்கறியும் சீரகச் சம்பாவும் வாங்குங்கள். பருப்பு வேண்டாம், ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், கோழியும் தண்ணீர் விடும்.

பூசணி விஷயம். அக்டோபரில் கடை வாசலில் மலையாகக் கொட்டியிருக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி ஹாலோவீனுக்கு முகம் செதுக்க வளர்த்தது. நாரும் தண்ணீரும்தான் இருக்கும், ருசி இருக்காது. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். செதுக்கி வாசலில் வைத்ததை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று எடுத்துவந்து சமைக்கவும் வேண்டாம். நீங்கள் தேடவேண்டியது கபோச்சா. கரும்பச்சைத் தோல், தட்டையான உருண்டை, உள்ளே கெட்டியான மஞ்சள் சதை. நம் பரங்கிக்காய்க்கு அதுதான் நெருங்கின சொந்தம். தோலோடு சமைக்கலாம். கத்தி இறங்காது. இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தால் இளகும். அடுத்தது பட்டர்நட். தோல் சீவ எளிது, ஆனால் சீக்கிரம் கரையும். ஒன்றரை அங்குலத் துண்டாக வெட்டி, அரிசிக்கு மேலே பரப்பி, கலக்காமல் மூடுங்கள். பாதி கரையும், பாதி துண்டாக நிற்கும், அதுதான் பதம். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் நமக்கு வேண்டாம், நூல் நூலாகப் பிரியும்.

இவை எல்லாமே தித்திப்பு. அதனால் மிளகாய் ஒன்று கூட வேண்டும், இறக்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். இரவே ஊறவைத்த தட்டைப்பயற்றைத் துவரைக்குப் பதில் போட்டு, கபோச்சாவை மேலே வைத்து, இறக்கும்போது வறுத்த தேங்காய்த் துருவல் தூவிப் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டுமே, அந்த வாரத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கீரைக்கு அங்கே கேல் மலிவு. தண்டை உருவிவிட்டு, இலையைப் பொடியாக அரிந்து, திறந்தபின் அந்தச் சூட்டிலேயே கலந்து மூடி வையுங்கள். டர்னிப் வாங்கினால் சாம்பார் சாதத்தில் போடலாம். பிரஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸை மட்டும் குக்கரில் போட்டுவிடாதீர்கள், மூடியைத் திறந்ததும் வீடே நாறும்.

ராஜ்மா. இதில் வேடிக்கை வேண்டாம். காய்ந்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அந்தப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாமல் போகலாம், அரைவேக்காட்டு ராஜ்மா பச்சையைவிட மோசம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று அரைமணி கொதிக்கவிட்டு, அதன்பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் ஊறவைத்ததை இன்ஸ்டன்ட் பாட்டில் நன்கு மசியும்வரை வேகவைத்துவிடலாம். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதைத் தாராளமாகப் போடுங்கள். ஸ்லோ குக்கரை எலும்போடு கூடிய ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வதக்கிப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் எலும்பு கழன்று வரும். கறி ஃப்ரீஸரிலிருந்து அப்படியே போகக்கூடாது, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கியிருக்க வேண்டும்.

மிச்சம் வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சோற்றைப் பாத்திரத்தோடு இரவு முழுக்க 'வார்ம்' அணைத்து மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். பழைய சோற்றில் பெருகும் கிருமி விடுகிற நச்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. வெளியே குளிராக இருந்தாலும் உங்கள் சமையலறையில் ஹீட்டர் ஓடுகிறதல்லவா? அகலமான டப்பாவில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினால் இளகிவிடும்.

இனி கூழ். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையில்தான். உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளிலேயே ஒடியல் மா கிடைக்கும், காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா அது. கசக்கும். அதனால் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, கீழே தங்குவதை மட்டும் எடுக்க வேண்டும். பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதிக்கட்டும். முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி. அவை பாதி வெந்தபின் நண்டும் பயற்றங்காயும். அடுத்து மீன். இறாலும் கணவாயும் கடைசியில், முன்னாலேயே போட்டால் ரப்பராகிவிடும். பிறகுதான் அரைத்த செத்தல் மிளகாய் (நம் வரமிளகாய்தான்), பழப்புளி, ஒடியல் மா மூன்றையும் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். முருங்கையிலை போட்டதும் அடுப்பை நிறுத்திவிடலாம். உறைப்பு அந்தக் கூழுக்கு உயிர், என்றாலும் உங்கள் வீட்டுக்கு மிளகாயைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆற ஆற இறுகும், பக்கத்தில் வெந்நீர் வைத்திருங்கள். அளவுக்கு அந்த அக்காவையே கேளுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகளின் கிண்ணத்தில் மட்டும் நண்டின் ஓடும் மீன் முள்ளும் விழாமல் நீங்களே பார்த்து ஊற்றிக் கொடுங்கள்.