பாயும் தூரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸின் பழைய காணொளி ஒன்றைப் பார்த்தேன். பொன்னிற முடி, சட்டையில்லாத மார்பு, சுற்றிலும் புலிகள். குந்தர் கெபெல்-வில்லியம்ஸ் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். இரவெல்லாம் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். பன்னிரண்டாயிரம் காட்சிகளுக்கு மேல் செய்தவர். ஒரு காட்சிக்குக்கூட வராமல் இருந்ததில்லையாம். கடைசியில் புற்றுநோய். 2001இல் ஃப்ளோரிடாவில் வெனிஸ் என்ற ஊரில், தன் வீட்டில் இறந்திருக்கிறார். 66 வயது. ‘அன்பால் புலியை அடக்கியவர்’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நண்பனிடம் சொன்னேன். ‘மிருகவதை செய்தவனுக்கா அழுகிறாய்?’ என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்காக வருந்துவது தவறா? அவர் இறந்தது அந்தப் புலிகளுக்குத் தெரிந்திருக்குமா? நம் சர்க்கஸ்காரர்களைப் பற்றி ஏன் யாருமே எழுதுவதில்லை?

ர., கோவை

அன்புள்ள ர.,

ஒரு மாதமாகப் பரணில் ஏறி இறங்கி ஒரு பழைய டைரியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு ரிங் மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட பக்கம் ஒன்று அதில் உண்டு. உங்கள் கடிதம் வந்த மறுநாள் டைரி கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘அன்பால் புலியை அடக்கியவர்.’ மூன்றே சொல், அதில் இரண்டு பிழை. புலி மட்டும்தான் சரி.

அடக்குவது என்றால் என்ன? ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவனிடம் கேட்டுப் பாருங்கள், ‘மாடு அணைஞ்சேன்’ என்பான். ‘காளையை அடக்கினார்’ என்பது வேலிக்கு வெளியே நின்று செய்தி எழுதுகிறவனின் சொல். சர்க்கஸிலும் அப்படித்தான். அடக்குகிறவர் என்ற சொல்லை கெபெல்-வில்லியம்ஸ் விரும்பியதில்லை. டிரெய்னர் என்றே தன்னைச் சொல்லிக்கொள்வார். தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: பழக்குகிறவர். பழகு, பழக்கு, பழக்கம் எல்லாம் ஒரே வேர். புலியைப் பழக்குகிறவன் புலிக்குப் பழகுகிறான். இரண்டும் ஒரே வேலை, ஒரே நேரத்தில் நடப்பது. அதை விட்டுவிட்டு அடக்கினார், ஒடுக்கினார் என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அன்பு என்ற சொல் அதைவிட மோசம். கூண்டுக்குள் நிற்கும் ஆளுக்குப் புலிமேல் பிரியம் இருக்கலாம், இருந்தால் நல்லது. ஆனால் அவரை உயிரோடு வெளியே கொண்டுவருவது அதுவல்ல, தூரம். ஹைனி ஹெடிகர் என்று ஒரு சுவிஸ் விலங்கியலாளர், ஜூரிக் மிருகக்காட்சிசாலையின் இயக்குநராக இருந்தவர், சர்க்கஸ் கூண்டுகளைப் பார்த்தே இதை விளக்கியிருக்கிறார். எந்த மிருகத்துக்கும் இரண்டு கோடுகள் உண்டு. முதல் கோட்டை நீங்கள் தாண்டினால் அது விலகி ஓடும். ஓட வழியில்லாமல் போய், நீங்கள் இரண்டாவது கோட்டையும் தாண்டினால், திரும்பி உங்கள்மேல் பாயும். ஓடும் தூரம், பாயும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வித்தையைப் பாருங்கள். பழக்குகிறவர் சிங்கத்தை நோக்கி நடக்கிறார். அது பின்வாங்குகிறது. முதுகில் கம்பி இடித்ததும் நிற்கிறது. அவர் இன்னும் ஒரு எட்டு வைக்கிறார். இப்போது அது அவரை நோக்கி வருகிறது. அதற்கும் அவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல். அவரைப் பிடிக்க வேண்டுமானால் அது ஸ்டூல்மேல் ஏறித்தான் வரவேண்டும், ஏறுகிறது. ஏறிய அந்த நொடியில் அவர் ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்து, அதன் பாயும் தூரத்தைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். இனிப் பாய வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஸ்டூலிலேயே நின்றுவிடுகிறது. கேலரி கைதட்டுகிறது. சிங்கம் கீழ்ப்படிந்துவிட்டதாம்! உண்மையில் அது பாதித் தாக்குதலில் நிறுத்தப்பட்ட சிங்கம். அந்த ஒரு எட்டு, அதுவும் எந்தச் சிங்கத்துக்கு எத்தனை அங்குலம் என்பது, அதுதான் வித்தை. ஒவ்வொன்றுக்கும் கோடு வேறு. பசித்த நாளில் வேறு, மழை நாளில் வேறு, பெண் சிங்கம் பருவத்தில் இருந்தால் வேறு. பழகப் பழகக் கோடு சுருங்கும். கெபெல்-வில்லியம்ஸ் சிறுத்தையைத் தோளில் சால்வைபோலப் போட்டுக்கொண்டு நடந்தாரே, கோடு அவ்வளவு சுருங்கியிருந்தது. இல்லாமல் போய்விடவில்லை.

இதை நான் புத்தகத்தில் வாசிப்பதற்கு வெகுகாலம் முன்பே மணலில் பார்த்திருக்கிறேன். எழுபதுகளில் எங்கள் ஊர் சந்தைத் திடலில் சர்க்கஸ் போட்டால் யானைக்கும் குதிரைக்கும் வைக்கோல் என் மாமாவின் வண்டியில்தான் போகும். விடிகாலையில் வைக்கோல்மேல் உட்கார்ந்து நானும் போவேன். ராத்திரி ஜரிகைக் கோட்டும் பூட்ஸுமாக நின்ற ரிங் மாஸ்டர் காலையில் கைலி, முண்டா பனியனோடு இருப்பார். கையில் நீளமான மூங்கில் கழி, நுனியில் கட்டைவிரல் அளவுக்கு மாட்டிறைச்சி. புலியைக் கூண்டுச் சுரங்கத்தில் விடுவதற்கு முன் குதிகாலால் மணலில் ஒரு கோடு இழுப்பார். ‘எதுக்கு அண்ணாச்சி கோடு?’ என்று கம்பிக்கு வெளியிலிருந்து கேட்டேன். தலசேரிக்காரர், அவர் பேசுவது பாதி தமிழ். ‘இது வரெ அவன்டெ. இது வரெ என்டெ,’ என்றார். பயமாயிருக்காதா என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘பயம் இல்லாத்தவன் இதினுள்ளில் கேறக்கூடாது மோனே.’ ராத்திரிக் காட்சிக்கு அந்தக் கோடு இருக்காது. அவருடைய காலுக்குத் தெரியும், புலிக்கும் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

கெபெல்-வில்லியம்ஸும் காலால் கற்றவர்தான். 1934இல் அன்றைய ஜெர்மனியின் சிலேசியாவில் பிறந்தவர். போர் முடிந்து இடிபாடாகக் கிடந்த ஜெர்மனியில், 1947இல், சர்க்கஸ் வில்லியம்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்த அம்மாவோடு வந்த பையன். அம்மா கொஞ்ச நாளில் போய்விட்டாள், பையன் சர்க்கஸிலேயே தங்கிவிட்டான். முதலாளி ஹாரி வில்லியம்ஸ் 1951இல் ரதப் பந்தய விபத்தில் இறந்தபோது பையனுக்கு வயது பதினேழைத் தொடவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு மிருகங்களைப் பார்த்துக்கொண்டான். 1968இல் ரிங்லிங்கின் முதலாளி இர்வின் ஃபெல்ட் இந்த ஓர் ஆளுக்காக அந்த சர்க்கஸையே இருபது லட்சம் டாலருக்கு வாங்கினார். கெபெல்-வில்லியம்ஸுக்கு முன் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த கிளைட் பீட்டி நாற்காலியும் துப்பாக்கியுமாகக் கூண்டுக்குள் போனவர். புலி உறும வேண்டும், பீட்டி தப்பிக்க வேண்டும், அதுதான் ஆட்டம். கெபெல்-வில்லியம்ஸ் புலிகளோடு பேசிக்கொண்டே இருப்பார். ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி. ஆப்பிரிக்க யானை, ஆசிய யானை, அவற்றின் முதுகில் புலி. பழகினால் ஒன்றையொன்று கண்டால் ஓடவேண்டிய மூன்று பிராணிகளை ஒரே வட்டத்தில் நிறுத்தலாம் என்று காட்டினார்.

1968 என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். மேபல் ஸ்டார்க். நர்ஸாக இருந்து புலிக்கூண்டுக்குப் போன பெண். 1928இல் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில், மழையில் நனைந்து பசியோடு இருந்த புலிகள் அவரைக் கிழித்தன. தையலோடு திரும்ப வந்தார். எண்பதை நெருங்கும் வயதிலும் கலிஃபோர்னியாவில் ஜங்கிள்லாண்ட் என்ற இடத்தில் புலிகளோடு இருந்தார். நிர்வாகம் மாறியது, வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு அவருடைய புலி ஒன்று தப்பித்து வெளியே போக, சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ‘என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, நான் வந்து அழைத்துக்கொண்டு போயிருப்பேனே’ என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அந்த 1968 ஏப்ரலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்து வருந்துங்கள், ர. யாரும் உங்களிடம் வரி கேட்கப் போவதில்லை.

அந்தக் கணக்கில் கெபெல்-வில்லியம்ஸ் கொடுத்துவைத்தவர். பிரியாவிடைச் சுற்று 1990இல் முடிந்த பிறகும் மிருகங்களின் பராமரிப்புப் பொறுப்பில் நீடித்தார். கூண்டுக்குள் மகன் போனார். வெனிஸ் ரயில் நிலையத்தில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் இறந்தது 2001 ஜூலை 19. அதே ஆண்டு சான் ஹோசே நகரில் யானையை அங்குசத்தால் காயப்படுத்தியதாக மகன்மேல் வழக்கு வந்து, டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. தகப்பன் பார்க்காமல் போனது நல்லது. 2016 மே மாதத்தோடு ரிங்லிங்கில் யானை ஆட்டம் நின்றது, அடுத்த மே மாதம் சர்க்கஸே நின்றது. 2023இல் திரும்ப வந்தபோது ஒரு மிருகம்கூட இல்லை.

உங்கள் நண்பருக்கு: சர்க்கஸில் மிருகங்களை ஆடவைக்கக் கூடாது என்ற தடை சரிதான். நான் அதன் பக்கம்தான். மிருக வியாபாரி கார்ல் ஹாகென்பெக் ஹாம்பர்க்கில் மென்மையான பழக்குமுறையைக் கொண்டுவருவதற்கு முன்பு பழுக்கக் காய்ச்சிய கம்பியால்தான் புலிக்குப் பாடம் நடந்தது. அவருக்குப் பிறகும் கூண்டு கூண்டாகத்தான் இருந்தது, லாரி லாரியாகத்தான் இருந்தது. அதெல்லாம் போகட்டும் என்பவன் நான். ஆனால் ஒரு வேலை ஒழிய வேண்டும் என்பது ஒன்று, அதை ஐம்பது வருடம் செய்தவன் செத்தால் துக்கப்படக் கூடாது என்பது வேறொன்று. இரண்டையும் குழப்புகிறவரிடம் விவாதிக்காதீர்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

நம் சர்க்கஸ்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையா? தலசேரியில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன் யார் என்று தேடிப் பார்த்தீர்களா? பூனாவில் பிறந்து, நாற்பதுகளில் அதே ரிங்லிங்கில் சிறுத்தைகளோடு நின்ற தாமு தோத்ரேயை? ஓர் இரவு முழுக்க ஃப்ளோரிடாவில் தேடத் தெரிந்தவருக்கு அரைமணி நேரம் தலசேரியில் தேடத் தெரியவில்லை. போங்கள்.

அந்தத் தலசேரிக்காரரிடம் வருகிறேன். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை சர்க்கஸில் ஆடவைக்கக் கூடாது என்று 1998இல் அரசாணை வந்தது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கெபெல்-வில்லியம்ஸ் இறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பு. அதற்கு மூன்றாவது வருடம் நான் அந்த ரிங் மாஸ்டரைத் தேடிப் போனேன். ஓட்டு வீடு. திண்ணையில் சுவரோடு ஒட்டி நாற்காலி போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ‘வைக்கோல் வண்டி’ என்றதும் சிரித்தார். தண்ணீர் குடிக்க எழுந்து அவருக்குப் பக்கவாட்டில் போனேன், அவர் கழுத்து விறைத்தது. உள்ளே படுக்கையில் இருந்தபோதும் இதே தொல்லைதானாம். ஜன்னலோரம் காற்று வரட்டும் என்று மகன் கட்டிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறான், மூன்று ராத்திரி தூங்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். கடைசியில் பேத்திதான் கட்டிலைச் சுவரோடு நகர்த்தினாள். முதுகுக்குப் பின்னால் சுவர் வந்ததும் தூங்கிவிட்டார்.

புலிகளை மறுவாழ்வு மையத்துக்கு லாரியில் ஏற்றிய நாளைப் பற்றிக் கேட்டேன். கூடவே வருகிறேன், இறக்கிவிட்டதும் பஸ் பிடித்துத் திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். வந்த அதிகாரி சம்மதிக்கவில்லை. புலிகளை எடுத்துக்கொண்டு போகிறார்களே என்றுகூட அவருக்கு வருத்தமில்லை. அங்கே இறக்கும்போது இவற்றை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தெரிந்த இங்கிலீஷில் எழுதி டிரைவர் சட்டைப் பையில் திணித்திருக்கிறார். எழுதியது வரிக்கு வரி நினைவிருந்தது. அவர் சொல்ல, நான் தமிழில் குறித்துக்கொண்டேன். பரணில் தேடியது அந்தப் பக்கத்தைத்தான்.

‘ராஜு பெரியவன், சத்தம் போடுவான், ஒன்றும் செய்ய மாட்டான். பிரின்ஸுக்கு மழை ஆகாது, அன்றைக்குக் கிட்டே போக வேண்டாம். சீதாவையும் பிரின்ஸையும் ஒரே கூண்டில் விடக் கூடாது. ராணிக்கு எலும்பில்லாத இறைச்சி, பல் போய்விட்டது. ராணிக்கு இடது கண் தெரியாது. வலது பக்கமாக வரவும், பெயரைச் சொல்லிக்கொண்டே வரவும்.’