குழாயில் மோட்டார் வைத்ததற்கு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், நானே இணைத்துக்கொள்ளலாமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். தட்டுப்பாட்டால் அவர் தெருவுக்குக் குடிநீரைக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று குறைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு விடக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து ஊழியர்கள் வந்து இவர் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு இணைப்பையும் துண்டித்துவிட்டார்கள். மறுநாள் அபராதம் கட்டச் சொல்லியும் விளக்கம் கேட்டும் நோட்டீஸ். அம்மா படுத்த படுக்கை. தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பைசா பாக்கி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு எச்பி மோட்டாரே ஓடுகிறதாம், அவருக்கு உள்ளே ஆள் இருப்பதால் தொடவில்லையாம். கேள்வி: பிளம்பரை வைத்து நானே இணைத்துக்கொள்ளலாமா, வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா?

சார், நாலு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான், அதையும் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "மீட்டருக்கு அடுத்து ஒரு டீ (T) இணைப்பு போட்டு அரை எச்பி மோட்டார் வைத்திருந்தோம்." கதை அங்கேயே முடிந்துவிட்டது. தண்ணீர் தானாக வந்து உங்கள் சம்பில் விழுந்த பிறகு அதை மாடித் தொட்டிக்கு ஏற்ற நீங்கள் எத்தனை எச்பி வைத்தாலும் யாரும் கேட்க முடியாது, அப்படிப்பட்ட மோட்டாரைக் கழற்றியிருந்தால் நானே சண்டைக்கு வருவேன். சப்ளை குழாயில் நேராக மாட்டியது அப்படியல்ல. அது உங்கள் பங்கு வருவதற்கு முன்பே அடுத்தவர் பங்கை இழுப்பது.

பக்கத்து வீட்டுக்காரரை மறந்துவிடுங்கள். அவன் செய்த தப்பை விட்டுவிட்டீர்கள், அதனால் என் தப்பையும் விடுங்கள் என்று, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியல் சட்டத்தின் 14-வது ஷரத்தின் கீழ் கேட்க முடியாது, தப்பில் சமத்துவம் கிடையாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-வது ஷரத்தில் தண்ணீர் உரிமை அடக்கம் என்பதும் உண்மைதான், ஆனால் உங்கள் தெருக்கோடி வீட்டுக்காரருக்கும் அதே 21 இருக்கிறது, அவர் வீட்டில்தான் சொட்டுகூட வரவில்லை. அப்புறம் அந்த ஆயி கதை. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியவள் ஊர் இது, பாரதி பூங்காவில் அவளுக்கு மண்டபமே இருக்கிறது, இங்கே ஒரு கிழவிக்குத் தண்ணீர் இல்லையா என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுவில் போடாதீர்கள். ஆயி ஊருக்காக வீட்டை இடித்தவள், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த உதாரணத்தை உங்கள் பக்கமே திருப்பிவிடுவார்.

முன்கூட்டி நோட்டீஸ் தராமல் துண்டித்தார்கள் என்பது மட்டும் கொஞ்சம் தேறும். ரிட் (அரசின் செயலை எதிர்த்துப் போடும் மனு) போட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வாதம்தான். ஆனால் அதிகபட்சம் என்ன கிடைக்கும்? விளக்கம் கேட்டு மறுபடி முடிவெடுங்கள் என்று ஓர் உத்தரவு. சென்னைக்கு நாலு தடவை போய் வந்த செலவுக்கு இந்த அபராதத்தை எத்தனை முறை கட்டலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் உங்கள் பிளம்பர் யோசனையில்தான். "கட்டணம் கட்டியிருக்கிறேன், என் இணைப்பு, நான் சேர்த்துக்கொள்கிறேன்" என்று இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய்ச் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முத்தியால்பேட்டையில் என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரர். ராத்திரி பதினோரு மணிக்கு மச்சானையும் பிளம்பரையும் வைத்துக்கொண்டு சாலையோரம் கடப்பாரையால் தோண்டி, ஹாக்சா பிளேடால், துண்டித்த குழாயில் போட்டிருந்த மூடியை அறுத்து, பிவிசி துண்டு ஒன்றைச் சொருகி, பசையைத் தடவி மண்ணை மூடிவிட்டுத் தூங்கிவிட்டார். பசை பிடிக்கவில்லை. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் திறந்ததும் இணைப்பு பிய்த்துக்கொண்டு தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது, ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் நேரத்தில். பாதிப் பேர் வாளியோடு ஓடி வந்தார்கள், மீதிப் பேர் போனில் படம் எடுத்தார்கள். எஃப்.ஐ.ஆருக்குச் சாட்சி தேட வேண்டிய வேலையே போலீசுக்கு இல்லை.

அப்போது ஐ.பி.சி., அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 430. 2024 ஜூலை 1 முதல் அதுவே அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 326-ல் முதல் உட்பிரிவு: மனிதர் குடிக்கும் தண்ணீரின் வரத்துக் குறையும்படி சேதம் செய்தால் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் கிடைக்கும் என்பதுதான் ஆறுதல். அந்த ஆறுதலும் எவ்வளவு நாள் என்றால், கூடவே 1984-ம் வருடத்துப் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்கிறவரைக்கும். தண்ணீர் விநியோகத்துக்கான சாதனங்களை அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். சாதாரணமாக ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல், அதுவும் ஐந்து வருடம் வரை போகும், உள்ளே போனால் அரசுத் தரப்பைக் கேட்காமல் ஜாமீன் கொடுக்க மாட்டார்கள். சாலையில் புதைந்திருக்கும் ஃபெரூலும் (பெரிய குழாயிலிருந்து உங்கள் இணைப்பு பிரியும் பொருத்தி) அதற்குப் போட்ட மூடியும் உங்கள் சொத்து இல்லை, நீங்கள் கட்டணம் கட்டியதால் அது உங்களுடையதாகிவிடாது. அந்தக் கட்சிக்காரருக்குப் பிரான்சில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்தது, வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு நடந்து நடந்து அனுமதி வாங்கி அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு பள்ளம், மறுபடி ஆய்வுக்கு ஆள் வரும் நாள். அம்மா நிலைமையைச் சொல்லிக் குரல் உயரும், ஊழியர் கையிலிருக்கும் ஸ்பேனரைப் பிடித்து இழுப்பீர்கள், அவர் விழவே வேண்டாம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் பலப்பிரயோகம், பி.என்.எஸ். 132, இரண்டு வருடம் வரை, ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. தண்ணீர்ப் பிரச்சினையில் தொடங்கி இந்தப் பிரிவில் முடிந்த வழக்குகள் என் அலமாரியில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அன்றைக்கு வீட்டில் நிதானமான ஒருவர் இருக்கட்டும், நீங்கள் கடற்கரைப் பக்கம் போய்விடுங்கள்.

எனவே சமாதானமாகப் போங்கள். அபராதத்தையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டி ரசீது வாங்குங்கள். நோட்டீசுக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதிலை அனுப்பாதீர்கள், "தெருவில் எல்லோரும் வைத்திருப்பதால் ஆறு வருடமாக நானும் வைத்திருக்கிறேன்" என்பது விளக்கம் இல்லை, கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், அந்த ஆறு வருடத்துக்கும் கணக்குப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் என்ன செய்வீர்கள்? மோட்டார் இப்போது இல்லை, இனி வைக்க மாட்டேன், வீட்டில் நோயாளி இருக்கிறார், உடனே இணைப்புத் தாருங்கள், மருத்துவச் சான்று இணைத்திருக்கிறேன். நாலு வரி போதும். அவர்கள் தரும் உறுதிமொழிப் படிவத்தில் "இதுவரை" என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால் அதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், "இனி" என்று இருந்தால் போடலாம். இணைப்பு இன்னமும் காலமான உங்கள் அப்பா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள், இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்துப் போங்கள்.

கட்டியும் இணைப்புத் தராமல் இழுத்தடித்தால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு ஒரு மனு போடுங்கள். தண்ணீர் வழங்கல் சட்டப்படியே பொதுப் பயன்பாட்டுச் சேவை, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே வர வேண்டும், சமரசம் செய்ய முடியாத குற்றம் சம்பந்தப்பட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். பிளம்பரை வைத்துத் தோண்டினால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

கடைசியில் போர்வெல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் அதற்கும் 2002-ம் வருடத்து நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது, நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ரிக் வண்டியைத் தெருவுக்குள் விடாதீர்கள், ஒரு நோட்டீசுக்கு இரண்டாகிவிடும். இணைப்பு வரும்வரை அம்மாவுக்கு லாரித் தண்ணீர் வாங்குங்கள், அந்த ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். பணம் கட்டிய பிறகும் இழுத்தடித்த நாட்களுக்கு இழப்பீடு கேட்க அவைதான் உதவும்.