கடைக்கு வெப்கேம் போதும், லேப்டாப்பைக் கடையில் வைக்காதீர்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் சிறிய ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கிறேன். பின்பக்கம் வீடு. வாங்கிய ஷீட்டும் ஒட்டுப்பாலும் இரவு கடையில்தான் கிடக்கும். பழைய லேப்டாப் ஒன்றும் வெப்கேம் ஒன்றும் கையில் இருக்கின்றன. இலவச மென்பொருள் போட்டால் போதும் என்கிறார் வளைகுடாவில் வேலை பார்க்கும் மருமகன். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒருவரோ, ‘அதெல்லாம் விளையாட்டுச் சாமான்’ என்று சொல்லி, நான்கு கேமராவுக்கு 42 ஆயிரம் ரூபாய் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மருமகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒற்றை அறைக் கடைக்குள் யார் வந்தார், கல்லாப்பெட்டியை யார் தொட்டார் என்று பார்க்க வெப்கேம் தாராளம். இரவில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு எரிய வேண்டும். இருட்டில் அதற்குக் கண் கிடையாது. யாகேம், ஏஜென்ட் டி.வி.ஆர். போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான். ஒரு படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிடும். மாற்றம் தெரிந்தால் பதிவு செய்யும். ஆளை அடையாளம் காணும் வசதியைத் தனியாகச் சேர்க்காவிட்டால், வந்தது திருடனா, மின்விசிறியா என்று அதற்குத் தெரியாது. கொடியில் ஆடும் ஷீட்டும் அதற்கு ஆள்தான். ஆகவே அமைப்புக்குள் போய், கதவையும் கல்லாப்பெட்டியையும் மட்டும் கட்டம் போட்டு, மற்றதைக் கவனிக்காதே என்று சொல்லிவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் இரண்டே நாளில் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள்தான் திருட்டு நடக்கும்.

இலவசம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஜென்ட் டி.வி.ஆர். வீட்டுப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். கடைக்கு உரிமம் வாங்க வேண்டும். வெளியூரிலிருந்து அதன் வழியாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். உரிமம் இல்லாமலே ஓடும்படி ‘உடைத்த’ பிரதி தருகிறேன் என்று யாராவது பென்டிரைவோடு வந்தால் திண்ணையிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். லேப்டாப்பைக் கடை மேசையில் வைத்தால், திருடன் ஷீட்டோடு சாட்சியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். உங்களுக்குப் பின்னாலேயே வீடு இருப்பது நல்லதாகப் போயிற்று. வெப்கேம் கடையில் இருக்கட்டும், லேப்டாப் வீட்டுக்குள் இருக்கட்டும். சாதாரண யு.எஸ்.பி. கம்பி 5 மீட்டருக்கு மேல் நம்பகமாக ஓடாது. அதற்கு மேல் போனால் இடையில் மின்சாரம் ஊட்டும் நீட்டிப்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். அசைவு தெரிந்த உடனே ஒரு படம் உங்கள் மின்னஞ்சலுக்கும் மருமகன் மின்னஞ்சலுக்கும் போகும்படி வையுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் அமைப்பை மாற்றுங்கள். மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் இன்டர்நெட் மோடம் அணைந்துவிடும். அதற்கு ஒரு சிறிய யு.பி.எஸ். தேவை. மலையோரத்தில் ஒரு இடி இடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது.

ஜன்னலில் வைத்து முற்றத்தைப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். பகலில் பார்க்கலாம். இரவில் கடைக்குள் விளக்கு எரிந்தால் கண்ணாடி வெளியே காட்டாது, உங்கள் கடையையே திருப்பிக் காட்டும். உள்ளே அணைத்து வெளியே விளக்குப் போட்டால் முற்றம் தெரியும். உள்ளே பார்க்கும் கேமரா குருடாகிவிடும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியைக் கூடாரம் போலக் கட்டினால் இரண்டும் நடக்கும். ஆனால் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று நமக்கு இரண்டு பருவம். கண்ணாடியில் நிற்கும் துளி அசைவாகப் பதிவாகும். மழை விட்டால் விளக்குக்கு ஈசல் வரும். ஒரு வாடிக்கையாளரின் பதிவைத் திறந்து பார்த்தபோது, லென்ஸுக்கு நேராக வலை கட்டிய ஒற்றைச் சிலந்தி விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. இரவில் பளிச்சென்று காட்டும் அகச்சிவப்புக் கேமராவை ஜன்னலுக்கு உள்ளே வைப்பதும் வீண். அதன் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் வெள்ளையாகிவிடும். முற்றம்தான் வேண்டுமென்றால், வெளியே மழை தாங்கும் கேமரா ஒன்றே ஒன்று போடுங்கள். நான்கு வேண்டாம்.

அந்த ஒன்றைப் போட வருகிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். விலையில் ஏமாந்தால் ஒருமுறையோடு போகும், கடவுச்சொல்லில் ஏமாந்தால் ஆயுள் முழுக்க. தலைமைக் கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பார்வையாளர் கணக்கை மட்டும் தந்துவிட்டுப் போகிறவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பிறகு ஒரு தேதி மாற்றக்கூட அவரை அழைக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு என்று ரசீது நீட்டுவார். உங்கள் வீட்டு நடமாட்டத்தை அவரும் பார்க்கலாம். சிலர் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே விட்டுவிடுவார்கள். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். கடவுச்சொல்லை நீங்களே, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, மாற்றுங்கள். தூரத்திலிருந்து இயக்கும் செயலி எதையாவது லேப்டாப்பில் போட்டிருந்தால் நீக்குங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்? பதிவு தானாக அழிந்து மேலே புதியது ஏறும் முன், அன்றைக்கே நகல் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். இன்னொரு பகுதியில் நிபுணர். கோப்பின் ஹாஷ் எண்ணும், அதாவது கோப்பில் எதையும் மாற்றவில்லை என்று காட்டக் கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளமும், எழுத வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் எடை போடுகிறவர் ஹாஷ் எண்ணுக்கு எங்கே போவார், நிபுணரை எங்கே தேடுவார்? சட்டம் எழுதியவர்கள் ஒருநாளாவது ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். என் வாடிக்கையாளர் ஒருவர் புகார் கொடுக்கப் போனபோது, நகலெல்லாம் வேண்டாம் என்று போலீசார் கணினியையே எடுத்துக்கொண்டார்கள். அதில்தான் அவர் கடைக் கணக்கும் இருந்தது. ஆகவே கண்காணிப்புக்கு வைத்த லேப்டாப்பில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

எல்லாம் அமைத்த இரவு கடையைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். நீங்கள் கல்லாப்பெட்டியைத் தொடுவதற்குள் வளைகுடாவிலிருந்து மருமகன் கைப்பேசியில் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் ஏதோ ஒரு அமைப்பை விட்டுவிட்டீர்கள். கட்டம் போட்ட இடத்திலிருந்து மறுபடி பாருங்கள்.