புரதம் செரிக்க மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26, எடை 68 கிலோ. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறேன். சில மாதங்களாக உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறேன். நாளொன்றுக்கு மூன்று கரண்டி புரதத் தூளை மூன்று கப் பாலில் கலந்து குடிக்கிறேன். ஆறு பச்சை முட்டையும் அரை கிலோ கோழி நெஞ்சுக்கறியும் சாப்பிடுகிறேன். வயிறு உப்பிக்கொள்கிறது, நாற்றத்துடன் வாயு பிரிகிறது, சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். “இவ்வளவு புரதத்தைச் செரிக்க உடம்பில் நொதி போதாது” என்று சொல்லிப் பயிற்சியாளர் 130 வெள்ளிக்கு ஒரு பாட்டில் நொதி மாத்திரை கொடுத்தார். பாட்டிலில் பப்பாயின், ப்ரோமிலைன் என்று எழுதியிருக்கிறது. தொடர்ந்து சாப்பிடலாமா? வேலையில் கையுறை போட்டால் கை தடித்து அரிக்கும். அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வேறு விஷயம் என்று நீங்கள் ஒதுக்கிய அந்தக் கை அரிப்புதான் முதல் காரணம். பப்பாயின் என்பது பப்பாளிக் காயின் பாலிலிருந்து எடுக்கப்படுவது. ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பப்பாளி, வாழைப்பழம், அவகாடோ, கிவி போன்றவையும் ஒத்துக்கொள்வதில்லை. இவற்றிலுள்ள சில புரதங்கள் ரப்பர்ப் பாலின் புரதங்களை ஒத்திருப்பதால் உடம்பு இரண்டையும் ஒரே எதிரியாக எண்ணிவிடுகிறது. வாய் அரிப்பில் தொடங்கி உதடு வீங்குவது, மூச்சுத் திணறல் வரை போகக்கூடும். அப்படி எதுவும் நேர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கையுறையால் வரும் தடிப்பெல்லாம் ரப்பர்ப் பால் ஒவ்வாமை என்று சொல்லிவிட முடியாது. தயாரிப்பில் சேர்க்கும் இரசாயனங்களாலும், உள்ளே வியர்த்துப் போவதாலும் கை தடிக்கலாம். எது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். பால்மரம் சீவிய குடும்பங்கள் வாழும் ஊர் நம்முடையது. இப்போது பிள்ளைகள் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். கை அரிப்பு வேலையோடு வருவதுதானே என்று பலர் பொறுத்துக்கொள்வது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

இனி மாத்திரைக்கு வருவோம். உங்களுக்கு நொதி போதவில்லை என்பது அநேகமாகத் தவறு. இரைப்பையில் பெப்சினும், கணையத்திலிருந்து வரும் டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்றவையும் புரதத்தை உடைக்கின்றன. புரதம் கூடினால் கணையமும் அதற்கேற்பச் சுரப்பைக் கூட்டிக்கொள்ளும். அதன் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறத் தொடங்கும். அவ்வளவு கையிருப்பு நமக்கு உண்டு. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கும் கணைய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் நாங்கள் நொதி மருந்து எழுதித் தருகிறோம். அவர்களுக்கு அது உயிர்நாடி. அது வேறு மருந்து, வேறு அளவு. புரதத்தோடு நொதி சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் அமினோ அமிலம் கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதனால் தசை கூடுதலாக வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பயிற்சி சொல்லித் தருபவரே மாத்திரையும் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் வயிறு ஏன் உப்புகிறது? முதலில் பாலைச் சந்தேகிக்கிறேன். ஒரு கப் பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. மூன்று கப்புக்கு 36 கிராம். உங்கள் தூள் ‘வே கான்சன்ட்ரேட்’ வகையாக இருந்தால் அதிலிருந்தும் கொஞ்சம் சேரும். நம்மவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது, பேதியாகிறது. பப்பாயினும் ப்ரோமிலைனும் புரதத்தை உடைப்பவை. லாக்டோஸை அவை தொடக்கூடத் தொடாது. ஒரு வாரம் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள். அடுத்த முறை வாங்கும்போது லாக்டோஸ் மிகக் குறைந்த ‘ஐசோலேட்’ வகையாகப் பார்த்து வாங்கலாம். லேபிளில் சோர்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்புகள் இருந்தால் அவையும் வயிற்றைக் கலக்கும்.

பச்சை முட்டையை விட்டுவிடுங்கள். வெந்த முட்டையின் புரதம் 91 விழுக்காடு செரித்ததாகவும், பச்சை முட்டையில் அது 51 விழுக்காடுதான் என்றும் 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. பாதிப் புரதம் வீணாவதோடு சால்மோனெல்லா கிருமிக்கும் வழிவிடுகிறோம். 130 வெள்ளி மாத்திரையிடம் நீங்கள் எதிர்பார்த்த வேலையைக் கொதிக்கிற தண்ணீர் செய்துவிடும்.

அளவையும் பாருங்கள். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் நாளுக்கு 240 கிராம் புரதம் வருகிறது. எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். உங்களுக்கு அது ஏறத்தாழ 110 கிராம். மிஞ்சியதில் ஒரு பகுதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்கு உணவாகிறது. நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு கரண்டி தூள், மூன்று அவித்த முட்டை, மதியம் ஒரு துண்டு கோழி, இரவு கெம்போங் மீன் அல்லது தெம்பே, இடையில் பருப்பு என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். நீங்கள் எழுதியதில் கீரையோ காய்கறியோ ஒன்றுகூட இல்லை. மலச்சிக்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தினமும் ஒரு பிடி கங்கோங் கீரை, ஒரு பழம், போதுமான தண்ணீர் வேண்டும்.

வீட்டில் யாருக்காவது நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் உங்கள் சிறுநீரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியேட்டினினையும் பரிசோதிக்க வேண்டும். நம் மலேசியாவில் 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததாகத் தேசிய ஆய்வு சொன்னது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். யாராவது இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால் அந்தப் பாட்டிலை அவர்களுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ப்ரோமிலைன் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

இரண்டு வாரத்தில் வயிறு அடங்கவில்லை என்றாலும், எடை தானாகக் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும், மலம் எண்ணெய் மிதக்க வெளுத்துப் போனாலும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். 1 வெள்ளிதான் கட்டணம். கை அரிப்புக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். மாத்திரைப் பாட்டிலையும் தொழிற்சாலையில் போடும் கையுறை ஒரு ஜோடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாட்டிலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.