கூகுள் ஸ்காலர் கீ காசுக்குக் கிடைக்குமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். திருப்பூர் சாயக்கழிவு நீர் பற்றிய கட்டுரைகளைத் திரட்ட, கூகுள் ஸ்காலரில் தேடும் பைத்தான் புரோகிராம் எழுதினேன். கொஞ்ச நேரத்திலேயே ‘நீங்கள் ரோபோவா?’ என்று கேட்டு மறித்துவிட்டது. காந்திபுரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர், 12,000 ரூபாய் கொடுத்தால் ‘ஸ்காலர் ஏபிஐ கீ’ தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏபிஐ என்றால் ஒரு தளத்தின் தகவலை நம் புரோகிராம் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி; கீ என்பது அதற்கான அனுமதிக் குறியீடு. கூகுள் ஸ்காலருக்கு ஏபிஐ கிடையாது. 2004-இல் தொடங்கியதிலிருந்து கூகுள் அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. இல்லாத பூட்டுக்குச் சாவி விற்கிறார்கள். அவர்கள் தருவது, ஸ்காலர் பக்கத்தைத் திருட்டுத்தனமாகச் சுரண்டி எடுக்கும் வேறு ஏதோ ஒரு சேவையின் கீயாகத்தான் இருக்கும். அது நாளைக்கே நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? போதாக்குறைக்கு, ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் ஸ்காலர் காட்டாது.

உங்களுக்கு வேண்டியது ஓப்பன்அலெக்ஸ், கிராஸ்ரெஃப் என்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைத் தகவல் தளங்கள்தான். ஓப்பன்அலெக்ஸில் கணக்குத் தொடங்கினால் கீ இலவசம். கிராஸ்ரெஃபுக்குக் கீயே வேண்டாம். கோரிக்கையோடு உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்து அனுப்பினால் போதும், மரியாதையாக நடத்துவார்கள். இரண்டிலும் சாதாரணமாகப் பக்கம் பக்கமாகப் போனால் 10,000 பதிவோடு நின்றுவிடும். முதல் கோரிக்கையில் ‘கர்சர்’ என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள். பதிலோடு ஒரு நீளமான குறியீடு வரும். அடுத்த கோரிக்கையில் நட்சத்திரத்துக்குப் பதில் அதைப் போடுங்கள். இப்படியே கடைசிவரை போகலாம்.

இரண்டு பட்டியலையும் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துச் சேர்க்கும்போது கவனம். ஓப்பன்அலெக்ஸ் அதை முழு இணைய முகவரியாகத் தரும். கிராஸ்ரெஃப் வெறும் எண்ணாகத் தரும். முகவரிப் பகுதியை வெட்டி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிய பிறகு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டாக எண்ணப்படும்.

அதே சென்டர் அடுத்து ‘ஸ்கோபஸ் கீ’ என்று ஆரம்பிக்கும். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கோபஸ் என்பது எல்சேவியர் பதிப்பகம் நடத்தும் கட்டுரைத் தரவுத்தளம். அதற்கு ஏபிஐ உண்டு. கீயை எல்சேவியர் தளத்தில் நீங்களே காசில்லாமல் பதிவு செய்து எடுக்கலாம். ஆனால் கீ மட்டும் இருந்து பயனில்லை. உங்கள் கல்லூரி ஸ்கோபஸுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நீங்களும் கல்லூரி நெட்வொர்க்கில் இருந்து கேட்க வேண்டும். வீட்டிலிருந்து முழு விவரம் வேண்டுமென்றால், கல்லூரி நூலகம் வழியாக எல்சேவியரிடம் டோக்கன் என்ற தனி அனுமதிக் குறியீடு வாங்க வேண்டும். சந்தா இல்லாத கல்லூரி மாணவருக்கு எந்தக் கீயும் முழுதாகத் திறக்காது. அடுத்தவர் கீயை வாங்கினீர்களானால் காசும் போச்சு, விதிமீறலும் உங்கள் தலையில்.

இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது? 2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசு நிறுவனங்களுக்கு மட்டும் ஆராய்ச்சி இதழ்களைத் திறந்துவிட்டார்கள். பெருந்துறையிலிருந்து கோவை வரை சாலையோரம் எத்தனை தனியார் கல்லூரிகள்! அங்கே ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பப்ளிகேஷன் கேட்டு நெருக்குகிறோம், படிக்க வழி காட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் கடை போடுகிறார்.

தேடும்போது திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் இரண்டு ‘பி’ போட்டும் தேடுங்கள். கட்டுரைகளில் இரண்டுமே உண்டு. ஊர்ப் பெயரே வராமல் நொய்யல் ஆறு, ஒரத்துப்பாளையம் அணை என்று மட்டும் எழுதியவர்களும் இருப்பார்கள். என்ன சொல், எந்தத் தேதி, எத்தனை முடிவு என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். வைவாவில் முதலில் கேட்பது அதைத்தான்.